மலையேறும் ஒளியும் அதன் பங்குக் கணக்கும்

மலையூர்களுக்கு இழைவழி இணையம் ஏன் கடைசியில் வருகிறது என்று கேட்டால் உடனே கிடைக்கும் பதில், தூரம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளுக்கு மேலும் ஏற்றமும் இறக்கமுமான மலைப்பாதை. பேருந்துக்கும் காப்பி மூட்டை ஏற்றிய லாரிக்கும் இது உண்மையான தடைதான். ஆனால் கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளிக்கு இந்தத் தூரம் பெரிய பொருட்டல்ல. ஒளியை உண்மையில் தின்பது அதைப் பங்கு போடும் ஸ்பிளிட்டர் என்ற சின்னஞ்சிறு கருவி. தூரத்துக்கும் பங்குக்கும் உரிய விலையைத் தனித்தனியாகக் கணக்கிட்டால், சேர்வராயன் மலையில் எந்தக் கருவியை எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இப்போது வழக்கத்தில் உள்ளதிலிருந்து சற்று வேறான விடை கிடைக்கிறது.

முதலில் அளவுகோல். இழையில் ஒளி குறைவதை டெசிபெல்லில் அளக்கிறார்கள். 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். 20 குறைந்தால் நூறில் ஒன்று. பெருக்கலைக் கூட்டலாக்கிவிடுவதுதான் இந்த அளவின் வசதி. இந்தியாவில் வீடுகளுக்குப் பரவலாகப் போகும் ஜிபான் என்ற முறையில், எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஓஎல்டி கருவியிலிருந்து 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி கீழே இறங்குகிறது. வீட்டுப் பெட்டியிலிருந்து 1310 நானோமீட்டரில் மேலே ஏறுகிறது. இரண்டும் ஒரே இழையில் எதிரெதிராக ஓடுகின்றன. ‘பி பிளஸ்’ என்று சொல்லப்படும் வழக்கமான வகையில் இரு முனைகளுக்கும் இடையே அதிகபட்சம் 28 டெசிபெல் இழக்கலாம். அதாவது அனுப்பிய ஒளியில் ஏறத்தாழ 630-இல் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலே போதும். வீட்டுப் பெட்டி, ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு மைனஸ் 27 டெசிபெல் வரை, அதாவது இரண்டு மைக்ரோவாட் ஒளியைக்கூட, படித்துவிடும். அதற்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரியும். “பவர் வரலை” என்று போன் போகும்.

இந்த 28 தான் கையிருப்பு. தூரம் இதில் எவ்வளவு எடுக்கிறது? 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபெல், 1490-இல் இன்னும் குறைவு. ஆக, சேலத்திலிருந்து ஏற்காடு வரையிலான 30 கிலோமீட்டர் இழையும் சேர்ந்து தின்பது 10.5 டெசிபெல். எட்டுக்குப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர் தின்பதும் அதே 10.5! சேலத்திலிருந்து மலையுச்சிவரை ஏறும் பாதை முழுவதும் ஒரு தட்டில். ஒரு பென்சில் பெட்டிக்குள் அடங்கிவிடும் கண்ணாடித் துண்டு மறுதட்டில். முப்பத்திரண்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு 17 டெசிபெல் வரை போகும். அது ஏறத்தாழ 48 கிலோமீட்டர் இழைக்குச் சமம். வளைவுகளைப் பற்றியும் கவலை வேண்டாம். இழையைப் பாதிப்பது சில சென்டிமீட்டர் ஆரத்தில் விழும் மடிப்புதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் செய்யாத கெடுதலை, பெட்டிக்குள் இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் டை செய்துவிடும்.

ஸ்பிளிட்டர் எப்படிப் பிரிக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பழைய வகை, உருக்கி இழுத்துச் செய்வது. இரண்டு இழைகளின் மேலுறையை உரித்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுடர் காட்டி மெல்ல இழுப்பார்கள். ஒளி ஓடும் நடுத்தண்டு மெலிய மெலிய அதனால் ஒளியைத் தனக்குள் முழுமையாக அடக்கி வைக்க முடிவதில்லை. ஒளியின் விளிம்பு வெளியே கசிந்து பக்கத்து இழைக்குள் இறங்குகிறது. எவ்வளவு நீளத்துக்கு ஒட்டி இழுக்கிறோமோ அதற்கேற்பப் பங்கு மாறும். ஒரு முனையில் ஒளியை விட்டு மறுமுனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே இழுத்து, வேண்டிய விகிதம் வந்ததும் நிறுத்திவிடலாம். கனடாவின் தகவல் தொடர்பு ஆய்வு மையத்தில் கவாசாகியும் ஹில்லும் 1970களில் காட்டிய வழி இது. நம் ஊர் கேபிள் டிவிக்காரர்கள் ‘கப்ளர்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். புதிய வகை, சில்லு மேல் வரைவது. தட்டையான கண்ணாடித் தளத்தில் ஒளி ஓடும் வாய்க்காலைப் பொறித்து, அதை ஒரு கவட்டையாகப் பிளப்பார்கள். ஒவ்வொரு கிளையையும் மறுபடி பிளப்பார்கள். ஐந்து முறை பிளந்தால் முப்பத்திரண்டு. அலைநீளம் மாறினாலும் பங்கு அவ்வளவாக மாறாது என்பது இதன் பலம். இரண்டு வகைக்குமே மின்சாரம் வேண்டாம், விசிறி வேண்டாம், மென்பொருள் வேண்டாம். அதனால்தான் இந்த வலையமைப்புக்குச் செயலற்றது என்று பொருள்படும் பெயர் வந்தது. தொலைபேசிக்காக இப்படி ஒளியைப் பகிரலாம் என்ற யோசனையை 1980களில் வளர்த்தது பிரிட்டிஷ் டெலிகாமின் மார்ட்டில்ஷாம் ஆய்வுக்கூடம். ஜிபானுக்கான சர்வதேசத் தரம் 2003-இல் வந்தது.

பலரும் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. கீழே இறங்கும் ஒளி எட்டாகப் பிரிவதால் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒரு பங்கு என்பது எளிதில் புரியும். மேலே ஏறும்போது ஒளி பிரிவதில்லையே, ஒரு வீட்டிலிருந்து கிளம்பிய ஒளி முழுதாகத் தண்டுக்குள் போய்ச் சேர வேண்டியதுதானே? போவதில்லை. கவட்டையின் ஒரு கிளையிலிருந்து மட்டும் வரும் ஒளியை இரண்டு கூறுகளின் கூட்டாகப் பார்க்கலாம். இரு கிளைகளிலும் அலைகள் ஏற்றமும் தாழ்வும் ஒத்துச் சேர்ந்து வரும் கூறு ஒன்று. ஒன்று ஏறும்போது மற்றது தாழும்படி எதிராக வரும் கூறு மற்றொன்று. வெறுமையாக இருக்கும் கிளையில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதாகக் கொண்டால் கணக்கு சரியாகிவிடும். ஒற்றைத் தடத் தண்டு, ஒத்து வரும் கூறை மட்டுமே ஏற்கும். எதிர்க்கூறுக்கு அதில் இடமில்லை. அது கண்ணாடிக்குள் சிதறித் தொலைகிறது. ஆகவே ஒவ்வொரு கவட்டையிலும் பாதி போய்விடும். இறங்கும்போது என்ன இழப்போ ஏறும்போதும் அதே இழப்பு. பொறியியலாளரின் கெட்டிக்காரத்தனத்தால் இதைத் தவிர்க்க முடியாது. ஒளியியலின் அடிப்படை விதியிலிருந்தே வருவது. உருக்கி இழுத்த வகையில் இது இன்னும் கண்கூடாகத் தெரியும். அதில் நுழைவாய்கள் இரண்டு உண்டு. வீட்டிலிருந்து ஏறும் ஒளியில் பாதி எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது, மறுபாதி பயன்படாமல் விட்ட இரண்டாவது வாய் வழியே வெளியேறி வீணாகிறது. அந்த வீணாகும் வாய்க்கு மலையில் ஒரு நல்ல வேலை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒளி எல்லோருக்கும் போகிறது என்றால் ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்த்துவிட மாட்டாரா என்ற ஐயமும் இயல்பானது. இறங்கும் தரவு எல்லா வீட்டுக்கும் போவது உண்மைதான். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் திறவுகோல் வைத்து மறைகுறியாக்கி அனுப்பலாம் என்று தரம் சொல்கிறது; அந்த வசதியை முடுக்கி வைக்க வேண்டிய கடமை சேவை தருபவருடையது. ஏறும் திசையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. இழையில் ஒளிக்குக் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவினாடி ஆகும்; ஒவ்வொரு வீடும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை ஓஎல்டி முதலிலேயே அளந்து, அருகில் இருப்பவரைக் கொஞ்சம் காத்திருக்கச் செய்து, எல்லோருடைய ஒளியும் ஒன்றன்பின் ஒன்றாக மோதாமல் வந்து சேரும்படி நேரம் ஒதுக்குகிறது.

இந்தக் கணக்கை மாரமங்கலத்துக்குக் கொண்டு வருவோம். ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளில் ஒன்றான இது, ஒரே தெருவில் அடங்கிவிடும் ஊரல்ல. மலையாளிப் பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் சேர்வராயன் மலையில் ஊராட்சி என்பது சரிவுகளிலும் மேடுகளிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் தொகுப்பு. நகரத்தில் செய்வதுபோல ஒரே இடத்தில் முப்பத்திரண்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரை வைத்தால், அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றாக முப்பத்திரண்டு இழைகள் மலைச்சரிவெங்கும் ஓட வேண்டும். செலவு அதிகம், அறுந்தால் ஒட்டுவதும் பெரும்பாடு. ஏற்காட்டு ஓஎல்டியிலிருந்து இழை 20 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும், வழியில் நான்கு சிற்றூர்கள், ஒவ்வொன்றிலும் எட்டு இணைப்புகள் என்றும் வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 7 டெசிபெல், ஒட்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் 2, நான்காகப் பிரிக்க 7, எட்டாகப் பிரிக்க 10.5, மொத்தம் 26.5. கையிருப்பான 28-இல் மிஞ்சுவது 1.5. நான்கு பழுதுபார்ப்புக்குப் பிறகு இது கரைந்துவிடும் என்பதால் ‘சி பிளஸ்’ வகை ஒளிமூலம் வேண்டும். அதன் வரம்பு 32. அப்போது 5.5 மிஞ்சும், நிம்மதியாக இருக்கலாம்.

நான்காகப் பிரிப்பதையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டியதில்லை. மலைமேட்டில் வரிசையாக அமைந்த ஊர்களுக்குச் சமமில்லாத பங்குதான் பொருந்தும். முதல் சிற்றூரில் 25-க்கு 75 கப்ளர்: நூறில் 25 பங்கு ஊருக்கு, 75 மேலே. அடுத்ததில் 35-க்கு 65. மூன்றாவதில் சரிபாதி; மீதி நான்காவதற்கு. தலைமடைக்காரன் வாயை அகலமாகத் திறந்துவிட்டால் கடைமடை காயும் என்பது பாசனம் தெரிந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே மடையின் அகலத்தைத் தொழிற்சாலையிலேயே நிர்ணயித்து அனுப்புகிறார்கள். ஒட்டு இழப்பையும் சேர்த்துக் கடைசி ஊருக்கு ஆகும் இழப்பு ஏறத்தாழ அதே 7 தான். ஆனால் நான்கு இழைகள் ஓட வேண்டிய பாதையில் ஒன்று ஓடினால் போதும். தமிழ்நாட்டுக் கேபிள் டிவித் தொழிலில் இருப்பவர்களுக்கு 10-90, 20-80, 30-70 எல்லாம் அன்றாடக் கணக்கு. அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர்களைவிட மீட்டரும் கையுமாகக் கம்பத்தில் ஏறுகிற அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களைக் கூலிக்கு இழை இழுப்பவர்களாக மட்டும் பார்ப்பது பெரிய அறிவு விரயம். ஓர் எச்சரிக்கை உண்டு. அருகில் இருக்கும் வீட்டுக்கு ஒளி அளவுக்கு மீறினாலும் பெட்டி திணறும். மைனஸ் 8-ஐத் தாண்டக் கூடாது. கிட்டத்து வீட்டுக்கும் எட்டத்து வீட்டுக்கும் இடையே 15 டெசிபெல்லுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்றும் தரம் சொல்கிறது. சமமற்ற பங்கு என்பது மனம்போன பங்கு அல்ல.

தூரம் மலிவு என்றால் அதிலிருந்து ஒரு முடிவு கட்டாயம் பிறக்கிறது: மின்சாரம் தேவைப்படும் கருவிகளை, மின்சாரமும் ஆளும் நிலையாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும், அங்கிருந்து ஒளியைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டும். நடப்பது வேறு. 2018-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பணியில், ஒவ்வோர் ஊராட்சியின் சேவை மையத்திலோ அரசுக் கட்டடத்திலோ ரேக், ரூட்டர், யுபிஎஸ் வைக்கிறது. அவற்றுக்குத் தடையில்லாத மின்சாரம் கிடைக்கச் செய்ய வேண்டிய பொறுப்பு ஊராட்சியின் தலையில் விழுகிறது. சமவெளியில் இது நடக்கலாம். கோடை மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் மின்கம்பி மேல் சாய்ந்தால் நாள் முழுக்க இருட்டில் கிடக்கும் மலையில், யுபிஎஸ் பேட்டரிக்கு ஆயுள் சில மணி நேரம்தான். அந்த ஒரு ரூட்டரின் கீழே வீடுகளையும் தொங்கவிட்டால் எல்லாம் சேர்ந்து அணையும். ஓஎல்டி ஏற்காட்டிலேயே இருந்து, மாரமங்கலத்தில் ஸ்பிளிட்டர் மட்டும் இருந்தால், வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். நடுவில் அணைய ஒன்றுமில்லை. இதற்குக் கொடுக்கும் விலை தூரம் தின்னும் அந்த 7 டெசிபெல். என் கணக்கில் அது மலிவான பேரம்.

ஊராட்சிகளை இழையால் இணைக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் வரலாற்றைக் காட்டி இதை மறுக்கலாம். 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற தேசியக் கண்ணாடி இழைத் திட்டம் முதல் கட்டத்தில் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் உருவாக்கிய ஜிபான் கருவிகளோடும் ஸ்பிளிட்டர்களோடும்தான் போனது. 2015 ஜனவரியில் முழுமையாக இணைக்கப்பட்ட முதல் மாவட்டம் என்று அறிவிக்கப்பட்ட இடுக்கியும் மலை மாவட்டமே. பிறகு 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் ஒப்புதலான திருத்திய திட்டம், ஒன்றியத்துக்கும் ஊராட்சிக்கும் இடையே ஸ்பிளிட்டர் மரத்தைக் கைவிட்டு, ரூட்டர்களை வளையமாகக் கோக்கும் முறைக்கு மாறியது. அனுபவமே ஸ்பிளிட்டருக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லிவிட்டது அல்லவா? பாதி உண்மை. ஒற்றைப் பாதையில் போன இழை ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் போயிற்று. அந்தக் குறைக்கு வளையம் நல்ல மருந்து. ஆனால் அறுந்தது இழை, ஸ்பிளிட்டர் அல்ல. முதல் கட்டம் ஊராட்சி அலுவலக வாசலோடு நின்றதும் முக்கியமானது. ஓர் ஊராட்சிக்கு ஓர் இணைப்பு என்றால் பங்கு போடும் கருவிக்கு அங்கே பெரிய வேலையே இல்லை. அது பிழைப்பது வீடு, பள்ளி, ரேஷன் கடை, அங்கன்வாடி என்று முனைகள் பெருகும் இடத்தில்.

அறுந்துபோகும் இழைக்கு ஸ்பிளிட்டரிடமே ஒரு பதிலும் உண்டு. வீணாகப் போகிறது என்று சொன்ன இரண்டாவது வாயை நினைத்துப் பாருங்கள். ஏறும் ஒளியில் பாதி எப்படியும் அதன் வழியே வெளியேறுகிறது. அந்த வாயில் இன்னோர் இழையைப் பொருத்தி, வேறு பாதையில் இறக்கி, ஓஎல்டியின் இன்னொரு வாயில் சேர்த்துவிட்டால், முதல் பாதை அறுந்த நொடியில் இரண்டாவது பாதை வேலையை எடுத்துக்கொள்ளும். இதற்காக ஒளியில் கூடுதலாகக் கொடுப்பது அநேகமாக ஒன்றுமில்லை. ஒளியியல் விதி நம்மிடமிருந்து ஏற்கெனவே பறித்துக்கொண்டதைத்தான் திரும்ப வாங்குகிறோம். இரு நுழைவாய் கொண்ட ஸ்பிளிட்டர்கள் கடையில் கிடைப்பவைதான். செலவெல்லாம் இரண்டாவது பாதைக்கு. அந்தப் பாதை உண்மையிலேயே வேறாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த இழை பெரும்பாலும் மின்கம்பங்களின் மேல்தான் போகிறது. ஒரே கம்ப வரிசையில் இரண்டையும் கட்டினால், சாயும் மரம் மின்சாரத்தையும் இரு இழைகளையும் ஒன்றாகவே அறுக்கும்.

வேகம் பகிரப்படுகிறதே என்பது அடுத்த மறுப்பு. ஜிபானில் இறங்கும் வேகம் மொத்தம் ஏறத்தாழ 2.5 கிகாபிட், முப்பத்திரண்டு பேரும் ஒரே நொடியில் முழுதாகக் கேட்டால் ஆளுக்கு 78 மெகாபிட். எல்லோரும் ஒரே நொடியில் கேட்பது அபூர்வம். கேட்டாலும் மலையில் இன்று பலருக்குக் கைப்பேசியில் கிடைப்பதைவிட அது மேல். தேவை கூடினால் 2016-இல் தரம் வகுக்கப்பட்ட 10 கிகாபிட் முறைக்கு மாறலாம். அது வேறு அலைநீளங்களில், அதே இழையில், அதே சில்லு வகை ஸ்பிளிட்டர் வழியாகவே ஓடும். இரு முனைக் கருவிகளை மாற்றினால் போதும். மலைச்சரிவில் பதித்ததைத் தொட வேண்டியதில்லை.

நான் உண்மையாகவே கனமானதாகக் கருதும் மறுப்பு, பழுது கண்டுபிடிப்பது பற்றியது. ஸ்பிளிட்டர் ஊமை. எங்கே அறுந்தது என்று அறிய இழைக்குள் துடிப்பு அனுப்பித் திரும்பி வரும் ஒளியைப் பார்க்கும் ஓடிடிஆர் கருவி, ஸ்பிளிட்டரைத் தாண்டியதும் எல்லாக் கிளைகளின் எதிரொலியையும் ஒன்றாகக் கலந்து காட்டும். சமமற்ற கப்ளர்களை வரிசையாகக் கோத்தால் குழப்பம் இன்னும் கூடும். போதாக்குறைக்கு, பழுதான ஒரு வீட்டுப் பெட்டி தன் முறை வராதபோதும் ஒளியைக் கக்கிக்கொண்டிருந்தால் அந்த மரத்திலுள்ள எல்லா வீடுகளும் ஊமையாகிவிடும். ஒவ்வொரு முனையிலும் குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும் சிறு பிரதிபலிப்பானைப் பொருத்துவது ஒரு தீர்வு. அதைவிடப் பெரிய தீர்வு பதிவேடு. எந்தப் பெட்டியில் எந்த விகிதக் கப்ளர், பொருத்திய அன்று மீட்டர் என்ன காட்டியது என்பது எழுதப்பட்டிருந்தால், பழுது வந்த நாளில் ஒரு பெட்டியைத் திறந்து அளந்து, இரண்டு எண்களைக் கழித்துப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். எழுதி வைக்காத ஊரில் ஒவ்வொரு பெட்டியாக ஏறி இறங்க வேண்டும்.

செயற்கைக்கோளும் கோபுரமும் இருக்க இழை எதற்கு என்பாருக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. கோபுரத்தின் முதுகெலும்பும் கடைசியில் ஏதாவது ஓர் இழையில்தான் போய்ச் சேர்கிறது. ஒரே ஒரு வீடு தனித்து நிற்கும் மலைமுகட்டுக்குச் செயற்கைக்கோள் பொருந்தலாம்; எட்டு வீடு சேர்ந்த இடத்துக்கு ஒரு ஸ்பிளிட்டர் மலிவு.

மாரமங்கலத்திலோ ஏற்காட்டின் வேறு ஊராட்சியிலோ இழை வரப்போகிறது என்று கிராமசபையில் அறிவிப்பு வந்தால், எத்தனை மெகாபிட் என்று மட்டும் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஓஎல்டி எந்த ஊரில் இருக்கும், அங்கே மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். கடைசி வீட்டுக்கு எத்தனை டெசிபெல்லில் ஒளி வந்து சேரும், பழுதுக்கென்று எத்தனை மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு பெட்டியின் கதவுக்கு உட்புறமும் மீட்டர் அளவையும் தேதியையும் எழுதி ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள்.